குடல் பாக்டீரியாவும் உடல் எடையும்: புரோபயாட்டிக் காப்ஸ்யூல் உண்மையிலேயே எடையைக் குறைக்குமா?

மழைத்துளி

வணக்கம் நண்பர்களே. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு ஏறிய எடை குறையவே மாட்டேன் என்கிறது. சாப்பாட்டைக் குறைத்தால் கொஞ்சம் இறங்குகிறது, கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் பழையபடி ஏறிவிடுகிறது. கூட வேலை பார்க்கும் தோழி, "உன் குடலில் நல்ல பாக்டீரியா குறைவாக இருக்கிறது, அதுதான் காரணம்" என்று சொல்லி ஒரு புரோபயாட்டிக் காப்ஸ்யூலைச் சிபாரிசு செய்தாள். ஒரு காப்ஸ்யூலில் ஐந்தாயிரம் கோடி பாக்டீரியா என்று டப்பாவில் போட்டிருக்கிறது.

வாங்குவதற்கு முன்னால் கேட்கிறேன். குடல் பாக்டீரியாவுக்கும் எடைக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா? உண்டென்றால் இந்தக் காப்ஸ்யூல் அதை மாற்றுமா? என் அக்கா என்னைவிட அதிகமாகவே சாப்பிடுகிறாள், ஒல்லியாகவே இருக்கிறாள். அவளுடைய பாக்டீரியா வேறு என்பதாலா?

வழிப்போக்கன்

தொடர்பு கண்டிப்பாக உண்டு. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டன் குழு 2004-இல் செய்த சோதனையைப் படித்த நாளிலிருந்து எனக்கு இதில் தீராத ஆர்வம். பிறந்ததிலிருந்து ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு, சாதாரண எலிகளின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் உடல் கொழுப்பு சுமார் 60 சதவீதம் கூடியது. அந்த எலிகள் முன்பைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டன என்பதைக் கவனியுங்கள்!

2006-இல் அடுத்த கட்டம். குண்டு எலியின் பாக்டீரியாவை ஒரு கூட்டத்துக்கும், ஒல்லி எலியின் பாக்டீரியாவை இன்னொரு கூட்டத்துக்கும் கொடுத்தார்கள். முதல் கூட்டத்தில் கொழுப்பு 47 சதவீதம் கூடியது, இரண்டாவதில் 27 சதவீதம்தான். 2013-இல் மனிதர்களிடமே போனார்கள். ஒருவர் பருமனாகவும் மற்றவர் ஒல்லியாகவும் இருக்கும் இரட்டையரின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாவை எலிகளுக்கு மாற்றினார்கள். பருமனானவரின் பாக்டீரியாவைப் பெற்ற எலிகளுக்குக் கொழுப்பு கூடியது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? காப்ஸ்யூலை முயன்று பார்ப்பதில் தவறில்லை என்பேன்.

கரிகாலன்

எலிக்கு நடப்பதெல்லாம் மனிதனுக்கு நடக்காது. பாக்டீரியா காற்றிலிருந்து கொழுப்பை உண்டாக்காது. உள்ளே போகும் கலோரி, செலவாகும் கலோரி, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எடை. காப்ஸ்யூல் விற்பவர்களுக்கு இந்த எளிய கணக்கு பிடிக்காது. மழைத்துளி, அந்தப் பணத்துக்கு நல்ல நடைக்காலணி வாங்குங்கள்.

நுண்ணோக்கி

நுண்ணுயிரியல் துறையில் வேலை செய்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கரிகாலன் சொல்லும் கணக்கு சரி. ஆனால் "உள்ளே போகும் கலோரி" என்பது நாம் நினைக்கும் அளவு நிலையான எண் அல்ல. நார்ச்சத்தை நம்முடைய நொதிகளால் உடைக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து அசிடேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றை நம் உடல் உறிஞ்சி எரிபொருளாக்கிக்கொள்கிறது. ஒரு கிராம் நார்ச்சத்திலிருந்து தோராயமாக 2 கலோரி இப்படிக் கிடைக்கிறது. அதாவது நாம் சாப்பிட்டதில் எவ்வளவு நமக்கு, எவ்வளவு பாக்டீரியாவுக்கு, எவ்வளவு வெளியே போகிறது என்பதில் பாக்டீரியாவுக்கும் பங்கு உண்டு.

மனிதர்களிடமே இதை அளந்திருக்கிறார்கள். 2023-இல் அமெரிக்காவில் 17 பேரை ஆய்வு விடுதியிலேயே தங்க வைத்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு வகை உணவை மாறி மாறிக் கொடுத்தார்கள். ஒன்று நன்றாகப் பதப்படுத்திய, நார்ச்சத்து குறைந்த உணவு. மற்றது நார்ச்சத்தும் செரிமானத்துக்கு எளிதில் உடையாத மாவுச்சத்தும் நிறைந்த, அதிகம் அரைக்காத முழு உணவு. இரண்டாவது வகையைச் சாப்பிட்டபோது சராசரியாக நாளொன்றுக்கு 116 கலோரி கூடுதலாக மலத்தோடு வெளியேறியது. கணிசமான பங்கு பாக்டீரியாக்களின் பெருக்கத்துக்கே போயிற்று. கணக்கு மாறவில்லை, கணக்கில் இன்னொரு பங்காளி இருக்கிறார், அவ்வளவுதான்.

ஆற்றல் மட்டுமல்ல. அந்தக் குறுஞ்சங்கிலி அமிலங்கள் குடல் சுவரில் உள்ள சில செல்களைத் தூண்டி ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்களைச் சுரக்க வைக்கின்றன. "போதும், வயிறு நிறைந்தது" என்று மூளைக்குச் சொல்பவை இவை. பித்த அமிலங்களையும் பாக்டீரியா மாற்றுகிறது, அதன் வழியே சர்க்கரை, கொழுப்பு வளர்சிதை மாற்றத்தையும் தொடுகிறது.

இனி வழிப்போக்கனுக்கு. நீங்கள் சொன்ன மூன்று சோதனைகளும் உண்மை, அருமையானவை. ஆனால் 2013 சோதனையின் இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விட முடியாது. ஒல்லி இரட்டையரின் பாக்டீரியா பெற்ற எலிகளையும், பருமனானவரின் பாக்டீரியா பெற்ற எலிகளையும் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் எச்சத்தை மற்றொன்று தின்னும் என்பதால் பாக்டீரியாக்கள் கலந்தன. ஒல்லியானவரின் பாக்டீரியா மற்ற எலிகளின் குடலில் குடியேறி கொழுப்பு சேராமல் தடுத்தது. ஆனால் கொழுப்பு குறைந்த, தாவர நார்ச்சத்து நிறைந்த தீவனம் கொடுத்தபோதுதான் அது நடந்தது. நிறைகொழுப்பு மிகுந்து, பழமும் காய்கறியும் குறைந்த தீவனத்தில் நடக்கவில்லை. எந்த பாக்டீரியா தங்கும் என்பதைத் தீவனம்தான் தீர்மானித்தது.

இன்னொன்று, மனித பாக்டீரியாவை எலிக்கு மாற்றிய 38 ஆய்வுகளை 2020-இல் ஒரு குழு அலசியது. அவற்றில் 95 சதவீதம் "நோய் அறிகுறி எலிக்கும் வந்தது" என்று சொல்கின்றன. இவ்வளவு விதவிதமான நோய்களில் இத்தனை வெற்றி என்பதே நம்பும்படி இல்லை என்பது அந்தக் குழுவின் கருத்து. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வழிப்போக்கன்

நன்றி நுண்ணோக்கி, தீவனம் பற்றிய பகுதி முக்கியமானது. ஆனால் மனிதர்களிலும் ஒரு நிகழ்வு இருக்கிறதே. பிடிவாதமான குடல் தொற்றுக்காக ஒரு பெண்ணுக்கு அவருடைய மகளின் மலத்திலிருந்து பாக்டீரியா மாற்றினார்கள். மகள் கொஞ்சம் பருமன். அதற்கு முன் சுமார் 62 கிலோ இருந்த தாய், 16 மாதத்தில் 77 கிலோ ஆனார். 2015-இல் மருத்துவ இதழில் வந்தது.

நுண்ணோக்கி

ஆமாம், பலரும் மேற்கோள் காட்டும் நிகழ்வு. ஆனால் அது ஒரே ஒருவர். நீண்ட நாள் வயிற்றுப்போக்கிலிருந்து தேறியவர், கூடவே வேறு மருந்துகளும் எடுத்தவர். எடை கூடியதற்கு மாற்றப்பட்ட பாக்டீரியாதான் காரணம் என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை.

நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் இருக்கின்றன. 2012-இல் நெதர்லாந்தில் ஒல்லியானவர்களின் மலத்தை, வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ள ஆண்களுக்கு மாற்றினார்கள். ஆறு வாரத்தில் இன்சுலின் சற்று நன்றாக வேலை செய்தது. எடை குறையவில்லை. 2020-இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுகள், 24 பேரிலும் 22 பேரிலும். நியூசிலாந்தில் பதின்பருவத்தினர் 87 பேர். இந்த மூன்றிலும் ஒல்லியானவர்களின் பாக்டீரியாவைக் காப்ஸ்யூலாகக் கொடுத்தார்கள். எதிலும் உடல் எடைக் குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்ட எடை) குறையவில்லை. ஒரு முழு பாக்டீரியாக் கூட்டத்தையே மாற்றி வைத்தும் எடை அசையவில்லை என்றால், நாலைந்து வகை மட்டும் உள்ள ஒரு காப்ஸ்யூலிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று யோசியுங்கள்.

செவ்வந்தி

உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். மழைத்துளியின் நேரடிக் கேள்விக்கு வருகிறேன்.

புரோபயாட்டிக்கை எடைக்காக மனிதர்களிடம் சோதித்த 15 ஆய்வுகளை 2018-இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். மொத்தம் 957 பேர். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட புரோபயாட்டிக் எடுத்தவர்கள் சராசரியாக 0.6 கிலோ கூடுதலாக இழந்தார்கள். அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆய்வுகள் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் முடிந்தவை. ஒப்பிட்டுப் பார்க்க, செமாக்ளூடைட் என்ற ஊசி மருந்தின் பெரிய சோதனையில் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் குறைந்தது.

ஒரு சில வகைகள் கொஞ்சம் நன்றாகத் தெரிகின்றன. லாக்டோபேசில்லஸ் கேசெரி வகையின் ஒரு குறிப்பிட்ட இனத்தைப் பாலில் புளிக்க வைத்து ஜப்பானில் 87 பேருக்கு 12 வாரம் கொடுத்தார்கள். வயிற்றுக்குள் படியும் கொழுப்பு 4.6 சதவீதம் குறைந்தது. கனடாவில் 2014-இல் லாக்டோபேசில்லஸ் ரேம்னோசஸ் இனம் ஒன்றைக் கொடுத்தபோது பெண்கள் கூடுதலாக எடை இழந்தார்கள், ஆண்களிடம் எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டுமே பால் பொருள் அல்லது உணவு நிறுவனங்களின் ஆதரவோடு நடந்தவை. அதனால் பொய் என்று சொல்லவில்லை. நிறுவனங்களைச் சாராமல் நடக்கும் பெரிய ஆய்வுகள் வரும்வரை நிதானமாக இருப்போம் என்கிறேன்.

மழைத்துளி, ஒரு விஷயம் உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் ஏறிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் இதைத் தங்கள் மனவுறுதிக் குறைவாக நினைத்து நொந்துபோகிறார்கள். 2011-இல் ஆஸ்திரேலியாவில் 50 பேரைக் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடை குறைத்து, ஒரு வருடம் கழித்து அவர்களுடைய பசி ஹார்மோன்களை அளந்தார்கள். ஒரு வருடம் ஆகியும் பசியைத் தூண்டும் பக்கமாகவே அவை சாய்ந்திருந்தன. உடல் இழந்த எடையைத் திரும்பப் பெறப் போராடுகிறது. உங்களிடம் குறை இல்லை.

மழைத்துளி

செவ்வந்தி அக்கா, கடைசிப் பத்தியைப் பலமுறை படித்தேன். ரொம்ப நன்றி.

இன்னும் இரண்டு கேள்விகள். என் கணவர் "அக்கர்மான்சியா" என்று ஒரு பாக்டீரியா பற்றி வீடியோ பார்த்தாராம், ஒல்லியானவர்களின் குடலில் அதுதான் நிறைய இருக்கிறதாம். அப்புறம் என் அக்கா விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே!

நுண்ணோக்கி

அக்கர்மான்சியா மியூசினிபிலா. குடல் சுவரின் சளிப்படலத்தைத் தின்று வாழும் பாக்டீரியா. 2004-இல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆர்வம் தருவது உண்மைதான். 2019-இல் பெல்ஜியத்தில் பேட்ரிஸ் கானியின் குழு, அதிக எடையும் இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை) உள்ளவர்களுக்கு மூன்று மாதம் கொடுத்தது. 32 பேர் முடித்தார்கள். விசித்திரம் என்னவென்றால், உயிருள்ள பாக்டீரியாவைவிடச் சூடாக்கிக் கொன்ற பாக்டீரியாதான் நன்றாக வேலை செய்தது. இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது, கொலஸ்ட்ரால் குறைந்தது. எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் குறைந்த மாதிரி தெரிந்தாலும், தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவு உறுதியாக இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் வரிசையில் இதுவும் ஒன்று. ஆனால் 32 பேரை வைத்து ஒரு முடிவு எடுக்க மாட்டேன்.

அக்கா விஷயம். உடல் எடையில் மரபணுவின் பங்கு பெரியது, இரட்டையர் ஆய்வுகள் 40 முதல் 70 சதவீதம் வரை சொல்கின்றன. அந்த மரபணு பாக்டீரியா வழியாகவும் கொஞ்சம் வேலை செய்கிறது. 2014-இல் பிரிட்டன் இரட்டையர்களிடம் பார்த்தபோது, கிறிஸ்டென்செனெல்லேசியே என்ற பாக்டீரியாக் குடும்பம் பரம்பரையாகத் தொடரும் தன்மை அதிகம் உள்ளதாகவும், ஒல்லியானவர்களிடம் அதிகமாகவும் இருந்தது. அதேசமயம் ஒரே மரபணு உள்ள இரட்டையர்களின் குடல் பாக்டீரியாக்கள்கூடப் பெருமளவு வேறுபடுகின்றன. ஆகவே அக்காவுக்கும் உங்களுக்கும் வேறு வேறாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அவருடைய ஒல்லிக்கு அதுதான் காரணம் என்று ஒரு மலப் பரிசோதனையை வைத்துச் சொல்ல இன்று யாராலும் முடியாது.

"ஃபர்மிக்யூட்ஸ் அதிகம், பாக்டீராய்டீட்ஸ் குறைவு என்றால் குண்டு" என்று அறிக்கை தரும் பரிசோதனைகள் விற்பனையில் இருக்கின்றன. இவை குடல் பாக்டீரியாக்களின் இரண்டு பெரும் பிரிவுகள். அந்த விகிதக் கதை 2006-இல் 12 பேரை வைத்து எழுந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் சிலவற்றில் நேர்மாறாக இருந்தது. 2016-இல் பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தொடர்பு மிக பலவீனம் என்று தெரிந்தது. அந்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

மருந்துச்சீட்டு

மருந்தாளுநர். அந்த ஐந்தாயிரம் கோடி பற்றி யாரும் பேசவில்லையே.

ஒரு மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்கிறது, பெரும்பகுதி பெருங்குடலில். அதோடு ஒப்பிட்டால் ஐந்தாயிரம் கோடி என்பது ஏழு நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஏற்கனவே நிரம்பி வழியும் பேருந்தில் ஒருவர் தொற்றிக்கொள்வது போலத்தான். சிலர் குடலில் இடம் கிடைக்கும், சிலரிடம் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடும். 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுக்கழகம் எண்டோஸ்கோப்பி செய்தே பார்த்தது. ஒரே புரோபயாட்டிக் சிலர் குடலில் தங்கியது, சிலரிடம் தங்கவே இல்லை. அதே குழு இன்னொன்றும் கண்டது. ஆன்டிபயாட்டிக் எடுத்த பிறகு புரோபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கு, ஒன்றும் சாப்பிடாதவர்களைவிடப் பழைய குடல் பாக்டீரியா திரும்ப அதிக காலம் பிடித்தது.

தங்கும் வகைகூட, நிறுத்தினால் பலன் மங்கும். செவ்வந்தி சொன்ன கேசெரி இனத்தை 2013-இல் மறுபடி சோதித்தபோது, நிறுத்திய நாலு வாரத்தில் பலன் தேய்ந்தது. அப்படியென்றால் காலம் முழுக்க வாங்க வேண்டும்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் டப்பாவில் பாக்டீரியாவின் முழுப் பெயரும், அதன் பின்னால் எழுத்தும் எண்ணுமாக வரும் இனக் குறியீடும் இருக்கிறதா பாருங்கள். வெறும் "லாக்டோபேசில்லஸ்" என்று மட்டும் இருந்தால் எந்த ஆய்வின் முடிவும் அதற்குப் பொருந்தாது. எண்ணிக்கை தயாரித்த நாளுக்கா, காலாவதி நாள் வரைக்கா என்றும் பாருங்கள். தயாரித்த நாளின் எண் அலமாரியிலேயே குறைந்துகொண்டே வரும்.

கரிகாலன்

நுண்ணோக்கி சொன்ன 116 கலோரி என்னை யோசிக்க வைக்கிறது. அப்படியானால் காப்ஸ்யூலை விட்டுவிட்டு, இருக்கும் பாக்டீரியாவுக்கு நல்ல தீனி போடுவதுதான் வழியா? எவ்வளவு வேகமாக மாறும்?

செவ்வந்தி

வேகமாகவே மாறும். 2014-இல் பத்துப் பேருக்கு முழுத் தாவர உணவும், பிறகு முழு இறைச்சி, பால் உணவும் சில நாட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். ஓரிரு நாளிலேயே குடல் பாக்டீரியாவில் மாற்றம் தெரிந்தது. நிறுத்தியதும் அதே வேகத்தில் திரும்பிவிட்டது. அதனால் ஒரு வாரம் செய்துவிட்டு நிறுத்தும் திட்டங்களை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முழு தானியம், பயறு, பருப்பு, காய்கறி, பழம், கொட்டைகள். இவை எடைக்கு உதவுவது பாக்டீரியாவால் மட்டுமல்ல: வயிறு நிறையும், மென்று தின்ன நேரம் எடுக்கும், கலோரி அடர்த்தியும் குறைவு. இதில் பாக்டீரியாவின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டிய அவசியம் சாப்பிடுகிறவருக்கு இல்லை.

புளித்த உணவுகள் பற்றியும் கேட்பீர்கள். 2021-இல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரில் பாதிப் பேருக்குத் தயிர், புளித்த காய்கறி போன்றவற்றை அதிகம் கொடுத்தார்கள். பாக்டீரியா வகைகள் பெருகின, ரத்தத்தில் அழற்சிக் குறிகள் குறைந்தன. நல்ல செய்திதான். அது எடை குறைப்பு ஆய்வு அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

புதியவள்

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். அம்மாவுக்குக் கீமோதெரபி நடக்கிறது. ஸ்டீராய்டால் எடை கூடியிருக்கிறது, வயிறும் சரியில்லை. புரோபயாட்டிக் இயற்கையானதுதானே, கொடுக்கலாமா?

மருந்துச்சீட்டு

சகோதரி, புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம். கீமோவில் வெள்ளணுக்கள் குறையும்போது, குடல் சுவரும் புண்ணாகியிருக்கும்போது, உயிருள்ள பாக்டீரியா ரத்தத்தில் நுழைந்து தொற்றாகிவிடலாம். மருந்து ஏற்றப் பெரிய ரத்தக்குழாயில் குழாய் பொருத்தியிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். 2008-இல் நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குப் புரோபயாட்டிக் கொடுத்த சோதனையில், அதைப் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 6 சதவீதம். குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பது பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023-இல் எச்சரித்தது. ஆரோக்கியமானவர்களுக்கு இது பெரும்பாலும் பாதுகாப்பானது, உங்கள் அம்மா இப்போது அந்த நிலையில் இல்லை. வயிற்றுப் பிரச்சினையை அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் இன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருந்தால் உடனே போய்விடுங்கள்.

புதியவள்

இப்போதே கூப்பிடுகிறேன். நன்றி.

மழைத்துளி

அம்மா சீக்கிரம் தேறட்டும், புதியவள்.

காப்ஸ்யூல் வாங்கவில்லை, முடிவு செய்துவிட்டேன். செவ்வந்தி அக்கா, முன்பு ஒருமுறை நார்ச்சத்தைக் கூட்டியபோது வயிறு உப்பி, வாயுத் தொல்லை தாங்க முடியாமல் விட்டுவிட்டேன். இந்த முறை எப்படி ஆரம்பிப்பது?

செவ்வந்தி

அந்த வாயு பாக்டீரியா நொதிக்க வைப்பதால் வருவதுதான். ஒரேயடியாகக் கூட்டினால் யாருக்கும் வரும். இப்போது சாப்பிடும் அளவோடு நாளொன்றுக்கு ஒரு நாலைந்து கிராம் மட்டும் கூட்டுங்கள். ஒரு கைப்பிடி வேகவைத்த பயறு போதும். ஒரு வாரமாவது அதிலேயே நில்லுங்கள், வயிறு ஒத்துக்கொண்டால் அடுத்த படி. பயறை முதல் நாளே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள், வாயு குறையும். தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள், இல்லாவிட்டால் மலச்சிக்கலாகிவிடும். இன்யூலின் என்ற நார்ச்சத்துப் பொடி இப்போதைக்கு வேண்டாம், அது வேகமாக நொதிக்கும். இவ்வளவு மெதுவாகப் போயும் வலியோ வயிற்றுப்போக்கோ தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள், அது வேறு காரணமாக இருக்கலாம்.